பாகம், பட்டா, உயில்: ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுவது என் தொழில். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் பத்திரம் எழுத வருவதில்லை, சந்தேகம் கேட்க வருகிறார்கள். டீக்கடை பெஞ்சில் ஒரு தீர்ப்பு, பெரியப்பா வீட்டுத் திண்ணையில் இன்னொரு தீர்ப்பு என்று கேட்டுவிட்டு மூன்றாவதாக என்னிடம் வருவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைக் கொடுத்திருக்கிறேன்.

தனியாகக் குறிப்பிடாத இடங்களில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 17-வது கேள்வியைப் பாருங்கள். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

1. அப்பா உயில் எதுவும் எழுதாம போயிட்டாரு. சொத்து யாருக்குங்க சேரும்?

எந்தச் சொத்துத் தகராறு வந்தாலும் நான் முதலில் கேட்பது மூன்று விஷயம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? அவருக்கு அது எப்படி வந்தது: கிரயமா, பாகமா, செட்டில்மெண்டா (உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுப்பது), உயிலா? அவர் எந்த வருஷம் இறந்தார்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் "எனக்கு எத்தனை பங்கு" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. சண்டை போட்டுக்கொண்டு வரும் குடும்பங்களில் பல, இந்த மூன்றையும் ஒருமுறைகூட உட்கார்ந்து பேசாதவை.

அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, 17.6.1956-க்குப் பிறகு இறந்தார், உயில் இல்லை என்றால் கணக்கு எளிது. மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் அம்மா ஆகிய எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஒரு சம பங்கு. மகனுக்கு ஒரு பங்கு, மகளுக்கு அரைப் பங்கு என்பதெல்லாம் இந்தச் சட்டத்தில் கிடையாது.

அப்பாவுக்கு முன்பே இறந்துபோன மகனோ மகளோ இருந்தால் அவர்களுடைய பங்கு அழிந்துவிடாது. இறந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும் அந்த ஒரு பங்கைத் தங்களுக்குள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். இறந்த மகளின் பங்கு அவள் பிள்ளைகளுக்குப் போகும். மருமகனுக்கு இல்லை.

2. என் வீட்டுக்காரர் சம்பாதிச்ச சொத்துல மாமியாருக்கு எதுக்குங்க பங்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் எதிரே இருப்பவர் முகம் மாறும். ஆனால் சட்டம் தெளிவு: இறந்தவரின் அம்மா முதல் வகுப்பு வாரிசு. அப்பா இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்கு எதுவும் வராது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாலரை ஏக்கர், அதாவது 450 சென்ட், கணவர் பெயரில் கிரயம் வாங்கியது. அவர் இறக்கும்போது மனைவி, மூன்று பிள்ளைகள், அம்மா இருக்கிறார்கள். ஐந்து பங்கு, ஆளுக்கு 90 சென்ட். "கிழவி எங்கே கேட்கப்போகிறாள்" என்று யாரும் எதுவும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நான்கு வருஷம் கழித்து அந்த அம்மாவும் உயில் இல்லாமல் இறக்கிறார். அவருடைய 90 சென்ட் இப்போது அவர் பிள்ளைகளுக்குப் போகும். அவருக்கு மூன்று பிள்ளைகள்: இறந்துபோன மகன், இன்னொரு மகன், ஒரு மகள். தலைக்கு 30 சென்ட். இறந்த மகனின் 30 அவருடைய மூன்று பிள்ளைகளுக்குப் பத்துப் பத்தாக வரும். மருமகளுக்கு மாமியாரின் இந்தப் பங்கில் எதுவும் இல்லை.

முடிவில் மனைவிக்கு 90, பிள்ளைகள் ஆளுக்கு 100, கொழுந்தனாருக்கு 30, நாத்தனாருக்கு 30. சம்பந்தமே இல்லை என்று நினைத்த இருவர் கையெழுத்து இல்லாமல் இப்போது நிலத்தை விற்க முடியாது. மாமியார் உயிரோடு இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு, அவர் பங்கைப் பேரப்பிள்ளைகளுக்குச் செட்டில்மெண்ட் எழுதியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. அதற்காக ஏமாற்றிக் கைநாட்டு வாங்கச் சொல்லவில்லை. அது அவருடைய சொத்து. கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம்.

3. தாத்தா சொத்து பேரனுக்குத்தானே? அப்பா எப்படி விக்கலாம்?

இந்த ஊரில் அதிகம் பேர் தவறாக நம்புவது இதைத்தான். தாத்தாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து ஆகிவிடாது.

தாத்தா தன் பணத்தில் வாங்கிய நிலம், அவர் 1956 சட்டத்துக்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்தார் என்றால், அது அவருடைய வாரிசுகளான பாட்டி, அப்பா, சித்தப்பா, அத்தை எல்லோருக்கும் சமமாக இறங்கும். அப்படி அப்பா கைக்கு வந்த பங்கு அவருடைய தனிச் சொத்து. அதில் பேரனுக்குப் பிறப்பால் எந்த உரிமையும் இல்லை. 1986-ல் சந்தர் சென் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அப்பா விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். தாத்தா உயில் மூலம் அப்பாவுக்குக் கொடுத்திருந்தாலும், அந்த உயிலில் வேறு விதமாகச் சொல்லாதவரை, அதே கதைதான்.

பிறப்பால் உரிமை வருவது கூட்டுக் குடும்பச் சொத்தில். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து வழிவழியாக இறங்கி வந்தது, 1956-க்கு முன்பே தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வாரிசாக வந்தது, பூர்வீகச் சொத்தைப் பாகம் பிரித்தபோது அப்பாவின் பாகத்துக்கு வந்தது ஆகியவை இந்த வகை. அப்பாவின் பாகத்தில் அவர் பிள்ளைகளுக்குப் பிறந்த நாளிலிருந்தே உரிமை உண்டு. அதனால்தான் 1-வது பதிலில் "எப்படி வந்தது" என்ற கேள்வியை வைத்தேன். மூலப்பத்திரத்தில் "எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட" (முன்னோர் வழியில் வந்த) என்றிருக்கிறதா, "என் சுயார்ஜிதத்தில் கிரயம் பெற்ற" (சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய) என்றிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எழுதியிருப்பதே முடிவான ஆதாரம் ஆகிவிடாது, ஆனால் தேட ஆரம்பிக்கும் இடம் அதுதான்.

4. அக்காவுக்கு 1980-லயே கல்யாணம் ஆயிடுச்சு. 2005-க்கு முன்னாடி கட்டிக் கொடுத்த பொண்ணுக்குப் பங்கு இல்லைன்னு சொல்றாங்களே?

யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். முதலில் சொத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்: சுயார்ஜிதமா, பூர்வீகமா?

சுயார்ஜிதம் என்றால் 2005 பேச்சே வேண்டாம். 1956-லிருந்தே மகளுக்குச் சம பங்கு உண்டு, கல்யாணம் ஆகியிருந்தாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி. அப்பா 1956-க்கு முன்பே இறந்திருந்தால்கூட, அவருக்கு மகன் இல்லாமல் மகள் மட்டும் இருந்தால், அவருடைய சுயார்ஜிதம் மகளுக்கே சேரும், அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன அருணாசலக் கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் சொன்னது இது.

பூர்வீகம் என்றால் மூன்று கட்டம். ஆரம்பத்தில் பிறப்புரிமை ஆண்களுக்கு மட்டும். தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி 25.3.1989 முதல் மகளுக்கும் கொடுத்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. ஊரில் பலர் மனதில் இன்னும் நிற்பது அந்தப் பழைய விதிதான். 9.9.2005 முதல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது. கல்யாணம் எப்போது ஆகியிருந்தாலும் மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர். "அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டும்" என்று சில காலம் ஒரு குழப்பம் இருந்தது. வினீதா சர்மா வழக்கில் 11.8.2020 அன்று உச்ச நீதிமன்றம் அப்படித் தேவையில்லை என்று முடித்துவைத்தது. 20.12.2004-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) மூலமோ பாகம் பிரிந்திருந்தால், அல்லது விற்றிருந்தால், அதை மட்டும் இப்போது கிளற முடியாது.

5. பூர்வீகத்துல அம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் சரிசமமா வருமா?

வராது. 160 சென்ட் பூர்வீகம், அப்பா, இரண்டு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சமீபத்தில் உயில் இல்லாமல் இறந்தார், பாட்டியும் இல்லை. அவர் இறந்த நிமிஷத்தில் பாகம் பிரித்ததாகக் கற்பனை செய்ய வேண்டும். அப்பா 40, பிள்ளைகள் ஆளுக்கு 40. பிறகு அப்பாவின் 40 மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் பத்துப் பத்தாகப் பிரியும். ஆக பிள்ளைகள் ஆளுக்கு 50, அம்மாவுக்கு 10 மட்டும். அதுவே சுயார்ஜிதமாக இருந்தால் அம்மாவுக்கும் 40 வந்திருக்கும்.

6. தங்கச்சிக்கு 60 பவுன் போட்டு, சீர் செஞ்சு, மாப்பிள்ளைக்கு வண்டியும் வாங்கிக் கொடுத்தாச்சு. இன்னும் பங்கு கேக்குறது நியாயமா?

நியாயம் அநியாயம் நீங்களும் தங்கச்சியும் பேசிக்கொள்ள வேண்டியது. சட்டத்தில் நகையும் சீரும் சொத்துப் பங்குக்கு ஈடாகாது. "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று கல்யாணத்தன்று இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கியது, பதிவு செய்யாதவரை, உரிமையை மாற்றாது. அவர் மனதார விட்டுக்கொடுக்கிறார் என்றால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போது, அவருடைய சுயார்ஜிதத்தில் வராத பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதுவதும் செல்லாது, இல்லாத உரிமையை எப்படி விடுவிப்பது?

கையெழுத்துக்காகத் தங்கச்சியைக் காரில் கூட்டிவந்து, எதில் கையெழுத்துப் போடுகிறார் என்றே சொல்லாமல் போடவைக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். படித்துக் காட்டாமல் நான் எழுதிக் கொடுப்பதில்லை. பாதிப் பேர் படித்துக் காட்டியபின்னும் சந்தோஷமாகவே கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

7. அம்மா பேர்ல இருக்கிற சொத்து பொண்ணுங்களுக்கு மட்டும்தானே?

இல்லை. உயில் இல்லாவிட்டால் மகன், மகள், கணவர் எல்லோருக்கும் சமம்.

பிள்ளை இல்லாத பெண் இறந்தால்தான் சிக்கல். அப்பா அம்மாவிடமிருந்து அவருக்கு வாரிசாக வந்த சொத்து, பிறந்த வீட்டுக்கே திரும்பும். கணவர், மாமனார் வழியில் வாரிசாக வந்தது கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவரே வேலை பார்த்துச் சம்பாதித்தது? கணவருக்கு. கணவரும் இல்லை என்றால் கணவரின் வாரிசுகளுக்கு. பெற்ற அம்மா உயிரோடு இருந்தாலும் அவர் முறை அதற்குப் பிறகுதான். இது சரியில்லை என்பது என் எண்ணம், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பிள்ளை இல்லாத, சொந்தச் சம்பாத்தியம் உள்ள பெண்கள் ஒரு உயில் எழுதி வைத்துவிடுங்கள். ஒரு பக்கம் போதும்.

8. பட்டா என் பேர்ல மாறிடுச்சு. அப்போ நிலம் எனக்குத்தானே?

பட்டா வருவாய்த் துறை ஆவணம். நிலவரிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். உரிமை எங்கிருந்து வந்தது என்பதற்குப் பத்திரம், உயில், வாரிசுரிமை இவற்றைத்தான் பார்க்க வேண்டும். 1980-களில் நடந்த யூ.டி.ஆர். அளவையில் மூத்த மகன் பெயரில் மட்டும் பட்டா ஏறிப்போன நிலங்கள் ஏராளம். அந்தப் பிழையை வைத்துக்கொண்டு இன்றுவரை "பட்டா எங்கப்பா பேர்லதான்" என்று வாதாடுபவர்கள் உண்டு. பட்டாவில் பெயர் விட்டுப்போனதால் தம்பியின் பங்கு போய்விடாது.

அதற்காகப் பட்டாவை அலட்சியம் செய்யவும் வேண்டாம். பிழையான பட்டாவை வைத்துத்தான் பலர் விற்கிறார்கள், பேங்கில் கடன் வாங்குகிறார்கள். தாசில்தார் உத்தரவில் குறை இருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்குமேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. உரிமையிலேயே தகராறு என்றால் அவர்களும் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

9. வாரிசு சான்றிதழ்ல என் பேரை விட்டுட்டு வாங்கிட்டாங்க. பங்கு போச்சா?

போகவில்லை. தாசில்தார் கொடுக்கும் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று காட்டும் தாள்தான். யாருக்கு எவ்வளவு என்று அது சொல்லாது, பெயர் விட்டதால் உரிமையும் அறுந்துவிடாது. பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு வைத்து ஆட்சேபணை மனு கொடுங்கள். கூடவே சொத்துக்கு வில்லங்கம் (அதன்மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் சான்று) போட்டுப் பாருங்கள். அந்தச் சான்றிதழை வைத்து ஏற்கெனவே பத்திரம் பதிந்திருந்தால் பிரச்சினை தாசில்தார் கையை விட்டுப் போயிருக்கும்.

பேங்க் டெபாசிட்டில் நாமினியாகத் தம்பி பெயர் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாரிசுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

10. மூலப்பத்திரம் அண்ணன் பீரோவுல இருக்கு. தரமாட்டேங்கிறார்.

பத்திரத்தை வைத்திருப்பவர் சொத்தின் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கலாம். பத்திர எண் தெரியாவிட்டால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று எடுத்தால் எண் அதில் இருக்கும்.

11. அப்பா காலத்துல ஊர்ப் பெரியவங்க முன்னாடி வாய்மொழியா பிரிச்சாச்சு. ஆளுக்கொரு பக்கம் உழுறோம். இது பாகம் இல்லையா?

வாய்மொழிப் பாகத்தைச் சட்டம் ஒரேயடியாக மறுப்பதில்லை. நிரூபிப்பதுதான் பாடு. தனித்தனிப் பட்டா, தனித்தனி மின் இணைப்பு, தனித்தனி வரி ரசீது, ஒருவர் தன் பக்கத்தை விற்றபோது மற்றவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டது ஆகியவை இருந்தால் பலம்.

கூர்ச்சீட்டு எழுதி வைத்திருக்கிறோம் என்று சிலர் பழுப்பேறிய தாளை எடுத்துவருவார்கள். "ஏற்கெனவே பிரித்துக்கொண்டதைக் குறித்துவைக்கிறோம்" என்று எழுதியிருந்தால் அது நடந்து முடிந்த பாகத்தின் குறிப்பு மட்டும். "இதன் மூலம் பிரித்துக்கொள்கிறோம்" என்று எழுதியிருந்தால் அதுவே பாகப்பத்திரம், பதிவு செய்யாததால் கோர்ட்டில் உரிமைக்கு ஆதாரமாக நிற்காது. மகள்களை விட்டுவிட்டு மகன்கள் மட்டும் வாய்மொழியாகப் பிரித்திருந்தால் 4-வது பதிலை மறுபடி படியுங்கள். 2004-க்கு முன்பே பிரித்தோம் என்ற வாய்ப்பேச்சை அசைக்க முடியாத அரசு ஆவணம் இல்லாமல் கோர்ட் ஏற்காது.

12. முப்பது வருஷமா நான்தான் உழுது, கிணறு வெட்டி, வரி கட்டுறேன். பன்னண்டு வருஷம் ஆனா நமக்கே சொந்தம்னு சொல்வாங்களே?

வெளியாளுக்குச் சொல்லும் விதியைப் பங்காளிக்குச் சொல்கிறீர்கள். கூட்டுச் சொத்தில் ஒருவருடைய அனுபவம் எல்லோருடைய அனுபவமாகவே கணக்கு. அக்கா சென்னையில் இருக்கிறார், வந்தே பார்க்கவில்லை என்பதால் அவர் பங்கு உங்களுக்கு வராது. "உனக்கு இதில் பங்கு கிடையாது" என்று அவருக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து, அதற்குப் பிறகு 12 வருஷம் அவர் சும்மா இருந்தார் என்று நிரூபித்தால்தான் பேச முடியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்காவுக்கு ஒரு மூட்டை நெல் அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த வாதம் அங்கேயே படுத்துவிடும்.

அக்கா தரப்புக்கும் ஒரு வார்த்தை. பங்கு இல்லை என்று நோட்டீஸே வந்தபின் கோர்ட்டுக்குப் போகாமல் வருஷக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

13. பொது மனையில என் காசுல மாடி வீடு கட்டினேன். அதுலயும் தம்பிக்குப் பங்கா?

மனை பொது, கட்டடச் செலவு உங்களுடையது. பாகம் பிரிக்கும்போது வீடு இருக்கும் பகுதியைக் கட்டியவருக்கே ஒதுக்கி, மனை மதிப்பை மற்றவர்களுக்கு வேறு இடத்திலோ பணமாகவோ சரிக்கட்டுவது கோர்ட்டுகள் முடிந்தவரை பின்பற்றும் வழி. ஆனால் உங்கள் காசு என்று காட்ட வேண்டும். லோன் கணக்கு, கம்பி சிமெண்ட் பில், பிளான் அப்ரூவல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இன்னும் கட்டவில்லை என்றால் முதலில் பாகம், பிறகு கடைக்கால்.

14. சாகுறதுக்கு முன்னாடி தம்பி அப்பாவை உயில் எழுத வெச்சுட்டான். ரிஜிஸ்டர் ஆன உயில்னா ஒண்ணும் பண்ண முடியாதா?

உயிலுக்குப் பதிவு கட்டாயமே இல்லை. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்தாகி, அவர்களும் கையெழுத்திட்டிருந்தால் வெள்ளைத்தாள் உயிலும் செல்லும். மறுபக்கம், பதிவான உயில் என்பதாலேயே அது உண்மை என்று ஆகிவிடாது. உயிலை நம்பி வருபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். அப்பா அப்போது ஐ.சி.யூ.வில் இருந்தாரா, சொத்து முழுவதும் வாங்குபவரே எழுத ஏற்பாடு செய்தாரா, மற்றப் பிள்ளைகளை விட்டதற்குக் காரணம் சொல்லியிருக்கிறதா என்பதையெல்லாம் கோர்ட் பார்க்கும். ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுத்தார் என்பது மட்டும் உயிலை உடைக்கப் போதாது, சுயார்ஜிதத்தை யாருக்கும் எழுத அவருக்கு உரிமை உண்டு. பூர்வீகத்தில் அவர் பங்கு அளவுக்குத்தான் எழுத முடியும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பதிவான உயில் வில்லங்கச் சான்றில் வராது. அதற்குத் தனிப் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரைத் தவிர வேறு யாருக்கும் நகல் கிடைக்காது. இறந்தபின் இறப்புச் சான்றிதழ் காட்டினால் கிடைக்கும்.

15. உயில் எழுதுறதா, செட்டில்மெண்ட் எழுதிடுறதா? எது நல்லது?

வயதானவர்கள் கேட்டால் நான் தயங்காமல் சொல்வது: உயில். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். செட்டில்மெண்ட் பதிவாகிவிட்டால் சொத்து அன்றே கைமாறிவிடும். பிறகு மகன் சோறு போடவில்லை என்று எழுதியவர் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது.

ஒரு கதவு உண்டு. 2007-ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையில் கொடுத்து, அவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து ரத்து கேட்கலாம். இந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வாதாட்டம் குறையும். ஆகவே செட்டில்மெண்ட்தான் எழுதுவேன் என்பவர்களுக்கு, ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் சேர்த்தே எழுதுகிறேன். மகன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

16. அண்ணன் ரோட்டோரமா இருக்கிற பக்கத்தைத் தன் பங்குன்னு வெளியாளுக்கு வித்துட்டான். வாங்கினவன் வேலி போட வர்றான்.

பிரிபடாத சொத்தில் அண்ணன் தன் பங்கை விற்கலாம். "இந்த மூலைதான் என் பங்கு" என்று தானே செக்குபந்தி (நான்கு எல்லை) போட்டு விற்றது மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. வாங்கியவர் அண்ணன் இடத்தில் வந்து நிற்கிறார். பாகவழக்குப் போட்டு, எந்தப் பக்கம் வருகிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். வேலியைத் தடுக்கத் தடையாணை கேளுங்கள். அண்ணன் உங்கள் பங்கையும் சேர்த்து விற்றிருந்தால் அந்த அளவுக்குக் கிரயம் செல்லாது. அப்பாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து என்றால், விற்கும் முன் உடன்வாரிசுகள் வாங்கிக்கொள்ள முன்னுரிமை கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

குடியிருக்கும் வீடு என்றால் குடும்பத்துக்குப் பாதுகாப்பு அதிகம். பங்கை வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூடக் குடியிருக்க முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், கோர்ட் போடும் மதிப்பைக் கொடுத்து அந்தப் பங்கை நீங்களே வாங்கிக்கொள்ளலாம்.

மைனர் பங்கைக் கார்டியன் விற்ற விஷயமும் இங்கேதான் வரும். மைனருக்குத் தனியாகச் சேர்ந்த சொத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் அம்மாவோ அப்பாவோ விற்றிருந்தால், பிள்ளை 18 வயது முடிந்து மூன்று வருஷத்துக்குள் அதை எதிர்க்கலாம்.

17. நாங்க முஸ்லிம் (கிறிஸ்தவர்). இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பட்டா, வாரிசுச் சான்று, பதிவு பற்றிச் சொன்னவை பொருந்தும். பங்குக் கணக்கு வேறு.

முஸ்லிம் சட்டத்தில் பிறப்புரிமையும் பூர்வீகம், சுயார்ஜிதம் என்ற பிரிவும் இல்லை. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. உயில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல், மற்ற வாரிசுகள் சம்மதம் இல்லாமல் எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ன் இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மகன் மகள் எல்லோருக்கும் சமம். பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் அம்மாவுக்குப் பங்கு இல்லை. ஆகவே 2-வது பதிலின் கதை அங்கே எழாது.

18. அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது அவர் செத்த அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவங்களுக்கும் பங்கா?

முதல் மனைவி உயிரோடு, விவாகரத்து ஆகாமல் இருக்கும்போது செய்த இரண்டாவது திருமணம் செல்லாது. அந்தப் பெண்மணிக்கு வாரிசுப் பங்கு இல்லை. பிள்ளைகள் விஷயம் வேறு. அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளைச் சட்டம் முறையான பிள்ளைகளாகவே ஏற்கிறது. அப்பாவின் சுயார்ஜிதத்தில் அவர்களுக்கும் சம பங்கு. பூர்வீகத்தில், 5-வது பதிலில் காட்டியபடி கற்பனைப் பாகத்தில் அப்பாவுக்கு ஒதுங்கும் பகுதியில் மட்டும் பங்கு. 2023 செப்டம்பரில் ரேவண சித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

19. தம்பி மதம் மாறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். அவன் பங்கு போயிடுச்சுதானே?

போகவில்லை. மதம் மாறியவர் தன் பெற்றோருக்கு வாரிசாவதை எதுவும் தடுக்காது. மாறியபின் அவருக்குப் பிறந்த பிள்ளைகள், இந்து மதத்துக்குத் திரும்பாதவரை, இந்து உறவினர்களுக்கு நேரடி வாரிசாக முடியாது. சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்கும் பங்குக்கும் சம்பந்தமே இல்லை, இதைக் கேட்காதவர்கள் குறைவு.

20. பாகவழக்குப் போட்டா எத்தனை வருஷம் ஆகும்? செலவு?

வருஷத்தை யாராலும் சொல்ல முடியாது. ஏன் இழுக்கிறது என்று சொல்கிறேன். பாகவழக்கில் இரண்டு தீர்ப்பு. முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலை டிகிரி. பலர் அதோடு ஜெயித்துவிட்டதாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு தனி மனுப் போட்டு, வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்து, எந்தத் துண்டு யாருக்கு என்று இறுதி டிகிரி ஆக வேண்டும். அதை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கி, அதன்பின் சுவாதீனம் (நிலம் கைக்கு வருவது). நடுவில் யாராவது இறந்தால் அவர் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். வீடு மாதிரி பிரிக்கவே முடியாத சொத்து என்றால் ஏலத்துக்கும் போகலாம்.

நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறீர்கள் என்றால் கோர்ட் கட்டணம் சிறு தொகைதான். உங்களை வெளியேற்றிவிட்டார்கள் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். 2017-க்கு முன் இது 7.5 சதவீதமாக இருந்தது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும். கேட்டுப் பெறுபவர்கள்தான் குறைவு.

21. கேஸ் வேண்டாம், பேசி முடிச்சுக்கலாம்னு இருக்கோம். என்ன எழுதணும்?

எல்லோரும் ஆளுக்கொரு பகுதி எடுத்துக்கொண்டால் பாகப்பிரிவினைப் பத்திரம். ஒருவர் பணம் வாங்கிக்கொண்டோ வாங்காமலோ ஒதுங்கினால் விடுதலைப் பத்திரம். குடும்பத்துக்குள் இவற்றுக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத்தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக்கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. பாகப்பிரிவினைக்கு இது ஒவ்வொரு பாகத்துக்கும். குடும்பம் என்றால் சட்டம் சொல்லும் உறவுகள் மட்டும். பெரியப்பா மகன், சித்தப்பா மகன் சேரும்போது சலுகை பொருந்துமா என்று எழுதும் முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே வழக்கு நடக்கிறது என்றால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் பதியலாம். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பும், மேல்முறையீடு கிடையாது.

ஒரே ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தால் அவரை விட்டுவிட்டுப் பாகப்பத்திரம் எழுதாதீர்கள். அது அவரைக் கட்டுப்படுத்தாது, உங்களுக்கும் நிம்மதி தராது. அப்போது வழக்குதான் வழி, நோட்டீஸ் போனபின் பேச வருபவர்களும் உண்டு.

பத்திரம் எழுத வரும்போது மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, எல்லோருடைய ஆதார், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று கொண்டுவாருங்கள். வழி, வாய்க்கால், கிணறு, மோட்டார் முறை இவற்றைப் பத்திரத்தில் தனியாக எழுதச் சொல்லுங்கள். நிலத்தைச் சரியாகப் பிரித்துவிட்டு, கிணற்றில் யாருக்கு எந்த நாள் என்று எழுதாததால் மறுபடி கோர்ட்டுக்குப் போனவர்கள் அதிகம்.

22. ஒரு தம்பி துபாய்ல இருக்கான். லீவு கிடைக்காது. அவன் இல்லாம பதிய முடியுமா?

அவர் வர வேண்டியதில்லை, பவர் (தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பினால் போதும். எந்தச் சொத்து, சர்வே எண், என்ன வகைப் பத்திரம் என்று குறிப்பாக எழுதிய பவரை அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டு, புகைப்படம் ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சாட்சி. "எல்லாச் சொத்தையும் எதுவும் செய்யலாம்" என்கிற பொதுப் பவர் வேண்டாம் என்று தம்பியிடமும் சொல்லிவிடுங்கள். பாகப்பிரிவினைக்கு மட்டும் என்று எழுதினால் போதும்.